கப்பலேறுகிறவன் பெட்டியில் என்ன வைக்க வேண்டும்?

போன வாரம் நம் உதவி மையத்தில் டீ குடிக்கும் நேரத்தில் நீங்கள் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. வயதானவள், காது மந்தமாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். கண்தான் மங்கல். காதை வைத்துப் பிழைத்தவள் நான். அது அப்படியே இருக்கிறது.

"வெளிநாட்டுல வேலை பாக்கறவங்களுக்கு போன் பண்ணிக் கேட்டா எல்லாரும் 'நல்லா இருக்கோம் மேடம்'னுதான் சொல்றாங்க. அடுத்த மாசம் பார்த்தா அடி வாங்கி ஆஸ்பத்திரில கிடக்காங்க. இவங்களுக்கு ரோஷமே வராதா?" என்றாள் உங்களில் ஒருத்தி. யாரென்று எழுத மாட்டேன். இதைப் படிக்கும்போது யார் முகம் சிவக்கிறதோ அவள்தான். ஒருவர் பயம் என்றார், இன்னொருவர் படிப்பில்லை என்றார், எல்லோரும் தலையாட்டிவிட்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டீர்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்தில் சிரிப்பும் வந்தது. உங்கள் வயதில் இதே கேள்வியை, இதே வார்த்தையைப் போட்டு, ஒரு மனிதரிடம் நேருக்கு நேர் கேட்டவள் நான். அவர் சொன்ன பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாள் செம்பூரில் ஒரு கொட்டகையையே கலக்கினோம். மையத்தின் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள் அல்லவா? இதைத்தான் எழுதப் போகிறேன். இன்டர்பிரெட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அறுபதுகளின் நடுவில் பம்பாய் ஃபோர்ட்டில் ஓர் ஏஜெண்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வளைகுடாவின் எண்ணெய்க் கேம்புகளுக்கு ஆள் பிடித்துக் கப்பலில் ஏற்றிவிடும் ஆபீஸ். ஊரிலிருந்து நேராகத் தாராவியில் வந்து இறங்கிய திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தி வராது. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க வரும் மேனேஜர்களுக்குத் தமிழ் வராது. மாட்டுங்காவில் வளர்ந்த எனக்கோ தமிழ் வீட்டிலும், இந்தி மார்க்கெட்டிலும், இங்கிலீஷ் டைப்ரைட்டரிலும் வந்திருந்தது. ஏஜெண்ட் கெட்டிக்காரர். டைப்பிஸ்ட் சம்பளத்துக்குள்ளேயே இன்டர்பிரெட்டர் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்.

இந்த வேலையை எனக்குப் பழக்கியவர் கோர்ட்டில் இன்டர்பிரெட்டராக இருந்த ஒருவர். எங்கள் கட்டடத்திலேயே கீழ் வீட்டில் குடியிருந்தார். மகா முசுடு. "நீ வக்கீல் இல்லை, அவாளுக்கு அக்கா தங்கையும் இல்லை. சொன்னதைச் சொல்லு. சொல்லாததைச் சேர்த்தியோ, அன்னியோட உன்னை யாரும் நம்பமாட்டா" என்பார். அந்தக் கட்டுப்பாட்டை நான் கடைசி வரை மீறவில்லை. செம்பூரில் நடந்ததுகூட அதற்கு உட்பட்டுத்தான் நடந்தது. அதனால்தான் அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இத்தனை குஷி.

அந்த வருஷம் ஓர் எண்ணெய்க் கேம்பில் மெஸ் நடத்திய கான்ட்ராக்டருக்குச் சமையல்கட்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள். கான்ட்ராக்டரின் மேனேஜரே பம்பாய்க்கு வந்து இறங்கினார். செம்பூரில் ஒரு கொட்டகையில் ஆட்களைக் கூட்டிக் கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு. அந்த வாரமே கப்பல். மேனேஜருக்கு ஒரு யோசனை உண்டு. ஏற்கெனவே அங்கே வேலை பார்த்து, லீவில் வந்து, அதே கப்பலில் திரும்பப் போகிறவர்கள் சிலர் தாராவியில் இருந்தார்கள். அவர்களைப் புது ஆட்களுக்கு முன்னால் நிறுத்தி, 'அந்த இடம் அருமையான இடம்' என்று சொல்ல வைக்க வேண்டும்.

அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ என்று முந்தின நாள் சாயங்காலம் என்னை அனுப்பினார்கள். அவர்கள் இருந்த தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப் எங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை. ஆனாலும் எங்கள் தெருக்காரர்களுக்கு அது வேறு தேசம். தோல் கிடங்கு வாடையைத் தாண்டி, ஒரே ஊர்க்காரர்களாகச் சேர்ந்து எடுத்துத் தங்கியிருந்த ஒரு ரூமைக் கண்டுபிடித்தேன். அங்கேதான் இசக்கிமுத்துவைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். அந்தக் கேம்ப் சமையல்கட்டிலேயே வேலை பார்த்துவிட்டு லீவில் வந்தவர். அவர் தம்பி கணேசன் மறுநாள் செம்பூரில் கையெழுத்துப் போட இருந்தான். கையெழுத்து ஆகிவிட்டால் அண்ணனும் தம்பியும் ஒரே கப்பலில் ஒரே இடத்துக்கு.

கணேசன் தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு புது டெரிலின் சட்டையை ஆசை ஆசையாக மடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் அந்தச் சட்டையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, நாலாக மடித்த கோணிச் சாக்கு ஒன்றை உள்ளே வைத்தார். கண்ணாடியையும் பவுடர் டப்பாவையும் எடுத்துவிட்டுப் பெரிய பூட்டு ஒன்றை வைத்தார். கடைசியில் ஒரு துணிப்பை நிறையப் பொரிகடலை.

"யண்ணே, நான் சமையக்கட்டு வேலைக்குல்லா போறேன்? எனக்கு எதுக்குப் பொரிகடல?" என்று சிரித்தான் கணேசன்.

"வைலே. ஆகும்."

"சட்டைய எதுக்கு வெளிய எடுத்திய?"

"அதப் போட அங்க நேரம் இருக்காது."

தம்பி எனக்கு டீ வாங்கப் போனான். அப்போதுதான் இசக்கிமுத்துவின் வலது கையைக் கவனித்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து ஆறியிருந்தது. கேட்டேன். வெந்நீர் கொட்டிவிட்டது என்றார்.

"தன்னால கொட்டித்தா அண்ணாச்சி?"

வாசலைப் பார்த்துக்கொண்டார். "சோறு கொழஞ்சுட்டுன்னு சூப்பர்வைசர் பானைய எத்தினான்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்கு மேனேஜர் முன்னாடியே சொல்லுங்கோ. நான் இருக்கேன், ஒரு வார்த்தை விடாமச் சொல்றேன். அந்த இடத்துக்குத் தம்பியையும் அழைச்சுண்டு போறேளே, உங்களுக்கெல்லாம் ரோஷமே வராதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எப்பம்மா சொல்ல? நீங்களே ஒரு நேரம் பாத்துச் சொல்லுங்க" என்றார். "அங்க இருந்து காயிதத்துல எழுதுனா எங்கம்மா சோறு தண்ணி எறக்க மாட்டா. லீவுல ஊருக்குப் போனா பஸ்ஸ விட்டு எறங்கையிலயே மாலையப் போடுதானுவ. கழுத்துல மாலைய வச்சுக்கிட்டு, நான் ஒத வாங்கிட்டு வந்துருக்கேம்னு சொல்லவா? சரி, இப்பம் சொல்லலாம்னா, கப்பலேறுத நேரம். இந்த நேரத்துல கெட்ட வார்த்த சொன்னா அபசகுனம்னு புதுசாப் போற பயலுவளப் பெத்தவங்க என்னைய மண்ண வாரித் தூத்துவாங்க. சொல்லதுக்குன்னு ஒரு நேரமே இல்லம்மா."

"தம்பிகிட்ட மட்டுமாவது சொல்லப்படாதா?"

"சொன்னா அவன் வரமாட்டான். வரலைன்னா காலம்பூராம் தோல் கிடங்குலதான் கெடக்கணும். அங்கன்னா நான் பக்கத்துல நிப்பேன். அவனுக்கு விழுகத நான் வாங்கிக்கிடுவேன்."

பேச்சை மாற்ற, பெட்டியைக் காட்டி, "இதெல்லாம் எதுக்குன்னு தம்பி அழுத்திக் கேட்டா என்ன சொல்வேள்?" என்றேன்.

"கேட்டான்னா உள்ளதச் சொல்லித்தான் ஆவணும். பொட்டி விசயத்துல பொய் சொல்லக்கூடாது. முந்திப் போனவன் புதுசாப் போறவனுக்குப் பொட்டி கட்டிக் குடுக்கணும், எதுக்கு என்னன்னு கேட்டா மறைக்கக்கூடாது. எங்க ரூமுல அது ஒரு கட்டுப்பாடு. கேக்காத வரைக்கும் நாமளா வாயத் தொறக்கணும்னு இல்ல."

டீயைக் குடித்துவிட்டு நடந்தேன். ரயில் பாலத்தின்மேல் ஏறி நடுவே வந்தபோது அப்படியே நின்றுவிட்டேன். பட்ட கஷ்டத்தைச் சொல்ல இந்த மனிதர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது. ஆனால் பெட்டியில் என்ன வைப்பது என்று சொல்ல ஒரு நேரம் இருக்கிறது. அது கப்பலேறுவதற்குச் சற்று முன்னால். அதில் பொய் சொல்லவும் கூடாது. பின்னால் வந்த ஒருவர் "சலோ, சலோ" என்று இடித்துக்கொண்டு போன பிறகுதான் நான் நகர்ந்தேன்.

மறுநாள் காலை குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர் போனேன். கொட்டகை நிறைய ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கணேசன் முன் வரிசையில், அந்த டெரிலின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அன்றைக்கே கப்பலேறப் போகிறவன் மாதிரி பக்கத்தில் பெட்டியோடு இருந்தான். மேஜைக்குப் பின்னால் மேனேஜரும் ஏஜெண்டும். நான் நடுவே நின்றேன்.

லீவில் வந்த முதல் ஆளை எழுப்பி, அந்த இடம் எப்படி என்று கேட்கச் சொன்னார் மேனேஜர். கேட்டேன். "ஒரு கொறையும் இல்லம்மா" என்றார். அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். மேனேஜர் சந்தோஷமாகத் தலையாட்டினார். இரண்டாவது ஆளும் அதே. மூன்றாவதும் அதே. புது ஆட்கள் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். மேனேஜருக்கே சப்பென்று ஆகிவிட்டது. இசக்கிமுத்து எழுந்து நின்றபோது, "இவரையாவது போகிறவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது சொல்லச் சொல்" என்றார்.

கவனியுங்கள், சொன்னது மேனேஜர். போகிறவர்களுக்குப் பயன்படுவதை எந்த வார்த்தையில் கேட்பது என்பது மட்டும் என் பாடு. கேட்டால் வேலை போகலாம். கேட்காமல் விட்டால் அந்த டெரிலின் சட்டைக்காரன் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

"அண்ணாச்சி, போறவாளுக்கு உபயோகமா ஏதாவது சொல்லணுமாம். பெட்டியில என்னென்ன வச்சுக்கணும்னு சொல்லுங்கோ" என்றேன்.

இசக்கிமுத்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவருக்குப் புரிந்துவிட்டது. மேனேஜரைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். போச்சு, இவரும் 'ஒரு கொறையும் இல்ல' என்று உட்காரப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆளுக்கு ஒரு சாக்கு எடுத்துக்கிடுங்க" என்றார்.

மொழிபெயர்த்தேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "சாக்கா? எதற்கு?" என்றார். அவரே கேட்டுவிட்டாரே, நான் விடுவேனா? "சாக்கு எதுக்குன்னு கேக்கறார்."

"படுக்கதுக்கு. சமையக்கட்டுத் தரையிலதான் படுக்கணும். கழுவி விட்ட ஈரம் காயாது."

கொட்டாவி விட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

"பொறவு பொரிகடல. நல்லா நெறைய எடுத்துக்கிடுங்க."

"அது எதுக்கு அண்ணாச்சி? சமையல் வேலைக்குல்லா போறோம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கேம்பு பூராம் தின்னு முடிச்ச பொறவு மிஞ்சுனாத்தான் நமக்கு. மிஞ்சாது. ராத்திரி பசிக்கும்."

மேனேஜரின் சிரிப்பு போய்விட்டது. "போதும், போதும். கையெழுத்துப் போட வரச் சொல்" என்றார். அதையும் சொன்னேன்: "போதுமாம். கையெழுத்துப் போட வரச் சொல்றார்." ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கணேசன் தன் பெட்டியைத் திறந்து, அந்தப் பூட்டைக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டினான்.

"யண்ணே, இது எதுக்கு?"

இசக்கிமுத்துவின் குரல் உடைந்தது. "எறங்குன உடனே சூப்பர்வைசர் பாஸ்போட்ட வாங்கி அவன் பொட்டியில போட்டுப் பூட்டிருவான்லே. அப்பா செத்துப்போனாவன்னு தந்தி வந்துச்சு. பாஸ்போட்டக் கேட்டேன். தரல. உன் பாஸ்போட்டு உன் பொட்டியிலயே இருக்கட்டும்னுதான் பூட்டு வாங்குனேன்."

தம்பிக்கு அது அன்றுதான் தெரியும். லீவு கிடைக்கவில்லை என்று மட்டும்தான் வீட்டில் நினைத்திருந்தார்களாம். நான் இதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் என் குரலும் இரண்டு இடத்தில் நின்றது. எங்கள் கோர்ட்டுக்காரர் கேட்டிருந்தால் திட்டியிருப்பார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒரு குறையும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார்களே, அந்த மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். "நானும் பொட்டிக்கு ஒண்ணு சொல்லுதேன். தைலம் எடுத்துக்கிடுங்க. இசக்கிமுத்து கையில வெந்நிப் பானைய எத்திவிட்டானே, அந்த சூப்பர்வைசர் கரண்டிக் காம்பால முட்டியிலதான் அடிப்பான்." "நான் ஒண்ணு சொல்லுதேன். பஞ்சு எடுத்துக்கிடுங்க. காதுல வச்சுக்கிட்டா அவன் வையுறது கேக்காது." மூன்றாவது ஆள் ரொம்ப சீரியஸாக, "வே, எல்லாரும் கோமணத்த ரெண்டு சுத்து கூடக் கட்டிக்கிடுங்க. அவன் எங்க ஒதைப்பாம்னு சொல்ல முடியாது" என்றார். கொட்டகையே வெடித்துச் சிரித்தது. ஆளாளுக்குத் தனித்தனியாக மறைத்து வைத்திருந்த அவமானம், இத்தனை பேர் சிரித்த பிறகு யாருக்கும் அவமானமாகத் தெரியவில்லை. நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோமணத்துக்கு இங்கிலீஷ் தேடிக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் மேஜையைத் தட்டி, முன் வரிசையிலிருந்த கணேசனைப் பார்த்து, நீ முதலில் வந்து கையெழுத்துப் போடு என்றார். கணேசன் எழுந்தான். சாக்கையும் பொரிகடலைப் பையையும் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"படுக்கக் கட்டிலும், ராத்திரிச் சோறும் நீங்க குடுங்க. பாஸ்போட்டு எங்ககிட்ட இருக்கட்டும். எங்கண்ணன் கையச் சுட்டவன் அந்த அடுப்படியில நிக்கக்கூடாது. இவ்வளவும் சரின்னா சொல்லுங்க, நான் பொட்டியில சட்டைய வச்சுக்கிட்டு வாரேன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு வாயாக இருந்திருக்கிறேன். அதைப்போல நிமிர்ந்து நின்று எதையும் மொழிபெயர்த்ததில்லை.

வேறு ஆள் எடுத்துக்கொள்கிறேன் என்று மேனேஜர் சீறினார். ஏஜெண்ட் அவர் காதில் ஏதோ சொன்னார். பக்கத்திலேயே நின்ற எனக்குக் கேட்டது. வேறு ஆட்களும் இதே தாராவியிலிருந்துதான் வர வேண்டும், இந்தச் சேதி இன்று மாலைக்குள் எல்லா ரூமுக்கும் போய்விடும், ஆளில்லாமல் கப்பல் போனால் கேம்பில் அடுப்பு எரியாது, கான்ட்ராக்டே கைவிட்டுப் போய்விடும் என்றார். மேனேஜர் கான்ட்ராக்டருக்குத் தந்தி அடிக்க ஓடினார். அவர் போனதும் ஏஜெண்ட் என் பக்கம் திரும்பி, "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றார். சொன்னதைத்தானே சொன்னேன் என்றேன். "அதுதான் தப்பு" என்றார்.

மறுநாள் மாலை பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் சம்மதம். ஒப்பந்தத்திலும் சேர்த்துவிட்டார்கள். ஆட்களைக் கூட்டி அதைத் தமிழில் படிக்க வேறு ஒருவரைக் கூட்டி வந்தாராம் ஏஜெண்ட். "அந்தம்மா வந்து சொன்னாத்தான் நம்புவோம்" என்று அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆபீஸ் பியூன் டாக்ஸி வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். எங்கள் தெருவில் டாக்ஸி நின்றால் எல்லா ஜன்னலும் திறக்கும். கீழ் வீட்டுக் கோர்ட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். நடந்ததையெல்லாம் முந்தின நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். "ஒரு வார்த்தையும் சேர்க்கலையே?" என்று இன்னொரு தடவை கேட்டார். இல்லை என்றேன். "அப்போ டாக்ஸியிலயே போ" என்றார். அந்த முசுடு வாயிலிருந்து வந்த பாராட்டு அது ஒன்றுதான்.

அதனால்தான் சொல்கிறேன், அவர்களுக்கு ரோஷம் இல்லை என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு எழுத முடியாது, ஊரில் பேச முடியாது, புறப்படும்போது வாய் திறக்கக்கூடாது. இத்தனை கதவையும் சாத்திவிட்டு, முகம் தெரியாத நாம் போனில் 'பிரச்சினை உண்டா' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். இனிமேல் வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். உங்கள் தம்பி அங்கே வருவதாக இருந்தால் என்ன எடுத்து வரச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள்.

கப்பல் புறப்படும் நாளில் பாலார்ட் பியர் கப்பல் துறைக்கு நானும் போயிருந்தேன். கணேசன் ஓடி வந்து பெட்டியைத் திறந்து காட்டினான். சட்டை, கண்ணாடி, பவுடர் டப்பா எல்லாம் ஒழுங்காக இருந்தன. சட்டைக்கு அடியில் பாஸ்போர்ட். வெளியே அந்தப் பெரிய பூட்டு.

"பொரிகடலை எங்கே?" என்றேன்.

இசக்கிமுத்து தோளில் கிடந்த துணிப்பையை எடுத்து அவிழ்த்தார். "இனிமே இத அங்க வரைக்கும் சொமக்கணுமாக்கும்?" என்று சொல்லி, வெந்த கையாலேயே அள்ளி அள்ளி எல்லோருக்கும் கொடுத்தார். போகிறவர்கள், வழியனுப்ப வந்தவர்கள், போர்ட்டர்கள், ஒருவரை விடவில்லை. பையை உதறிக் கடைசிப் பிடியை என் கையில் போட்டார். கப்பல் ஊதியபோது கரையில் நின்ற அத்தனை பேரும் மென்றுகொண்டிருந்தோம். கையை ஆட்டினோமே தவிர, வாய் நிறையப் பொரிகடலை இருந்ததால் போய்ட்டு வாங்கோ என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.